படகு கிளம்பும் நேரத்துக் கேள்வி

எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு மீஞ்சூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இரண்டு வருடம் இருந்தேன். எதையும் பட்டியல் போட்டு டிக் அடிக்கும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. பழவேற்காட்டில் ஒரு பள்ளிக்கு ஆங்கில வழி ஆசிரியையாக வந்த பிறகும் அது போகவில்லை.

ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலப் பேச்சுத் தேர்வு நடத்தச் சொன்னார்கள். பேசாதவர்கள் தமிழ் வழிக்கு மாற்றப்படுவார்கள். கேள்விகளை நானே தயாரித்தேன். பெயர், ஊர், பிடித்த சாப்பாடு. நான்காவது, "வேர் இஸ் யுவர் ஃபாதர் கோயிங்?" ஐந்தாவது, அவர் என்ன கொண்டுவருவார்? நிகழ்காலம் ஒன்று, எதிர்காலம் ஒன்று. கச்சிதமாக இருப்பதாக நினைத்தேன். மற்ற ஆசிரியர்கள் நாலு மணி பேருந்தில் பொன்னேரிக்குப் போய்விடுவார்கள். நான் மட்டும் கடைத்தெருவில் வாடகை அறையில் இருந்தேன். ஒரு முறை படித்துக் காட்டக்கூட ஆள் இல்லை.

மறுநாள் காலை, லைட்ஹவுஸ் குப்பத்து மீனவச் சிறுமி ஒருத்தி முதல் மூன்றுக்கும் பட்டென்று பதில் சொன்னாள். நான்காவதில் வாயை மூடிக்கொண்டாள். ஐந்தாவதில் தலையைக் குனிந்தாள். இரண்டு முறை கேட்டுவிட்டு அவள் பெயரை மாற்றல் பட்டியலில் எழுதினேன். அவளோடு மொத்தம் நான்கு பேர்.

மாலை பள்ளி விட்டதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அம்மா வந்துவிட்டார். இடுப்பில் காலி மீன் கூடை.

"இன்னா டீச்சர், எம் பொண்ணுக்கு வாயே இல்லன்னு எழுதிட்டியாமே? வூட்ல அது வாய மூட நாங்க படாத பாடு படுறோம். இங்கிலீசு படிப்பேன்னு அழுது அடம் புடிச்சி சேந்தவ அவ."

"ரெண்டு கேள்விக்கு பதிலே சொல்லலக்கா."

"அவங்க நைனா அப்பதான் படகத் தள்ளிகினு இருந்தாரு. போற ஆள எங்க போற, இன்னா கொண்டாருவன்னு நாங்களே கேக்க மாட்டோம். இது எப்டி சொல்லும்?"

எனக்கும் தெரிந்த வழக்கம்தான். எங்கள் வீட்டிலும் வெளியே கிளம்புபவரை அப்படிக் கேட்க மாட்டோம். ஆனால் ஆங்கிலத்தில் அது எனக்கு வெறும் பாடமாகத்தான் தெரிந்திருந்தது.

"இங்கிலீஷ்லதானக்கா கேட்டேன், சும்மா பயிற்சிக்கு."

"ஏன், இங்கிலீசுல கேட்டா கடலுக்குக் காது கேக்காதா?"

அவள் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை வைத்துச் சிரித்தாள்.

"ஆளு கரையேறியாச்சு. இப்ப கேளு," என்றார் அம்மா.

அப்பா எங்கே போனார் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். நான் கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். வடக்கே போனார், நண்டு கிடைத்தது, சின்ன நண்டுகளைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். இரண்டு இடத்தில் இலக்கணம் தடுக்கியது. அவள் நிறுத்தவில்லை.

அவள் எதிரிலேயே பெயரை அடித்தேன். "நாளைலேர்ந்து எங்கூடத்தான் இருக்கப் போற," என்றேன். அம்மா கூடையைத் தூக்கிக்கொள்ள, இருவரும் ஏதோ தெலுங்கும் தமிழும் கலந்து பேசிக்கொண்டே போனார்கள்.

மீதி மூன்று பெயர்களுக்காக யாரும் வந்திருக்கவில்லை. எந்தக் கேள்வியில் அவர்கள் நின்றார்கள் என்று தாளைப் பார்த்தேன். மூவருமே நான்காவதில். பேருந்து போய்விட்டிருந்தது. ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து பட்டியலைக் கிழித்தேன். புதுத் தாளில் ஒன்று என்று எண் போட்டுவிட்டு, எதைக் கேட்கலாம் என்று தெரியாமல் வெகுநேரம் இருந்தேன்.