நஸீரா மிஸ் காலையில் வாசித்த பட்டியல்

நஸீரா மிஸ் மௌத்தான செய்தி சென்ற வியாழக்கிழமை காலை எங்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு பிலிமத்தலாவையில் நல்லடக்கம் என்று அவருடைய மகன் எழுதியிருந்தார். கீழே வரிசையாக இரங்கல்கள். நான்காவதாக ஒருவர், "நமது ஆவண இணையத்தளத்தை உருவாக்கியவர்" என்று எழுதியிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "உருவாக்கியது நான்" என்று தட்டினேன். அனுப்பவில்லை. ஆனால் அழிப்பதற்கு முன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரை அறிந்த உங்களிடம் இதை மறைத்துவிட்டு வேறு எதை எழுதினாலும் அது பொய்யாகத்தான் இருக்கும்.

தளத்தை உருவாக்கியது நான்தான். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் பெயர் பதிந்த பழைய சேர்வு இடாப்புகள், கோயில் திருவிழா நோட்டீஸ்கள், தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரங்கள் என்று கண்டியைச் சுற்றிக் கிடைத்த எல்லாவற்றையும் இரண்டு வருடம் உட்கார்ந்து ஸ்கேன் செய்து ஏற்றினேன். கண் எரிய எரிய ஏற்றினேன். அதன் பிறகுதான் நஸீரா மிஸ் வந்தார். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என் வயதுதான். செவ்வாயும் வெள்ளியும் வந்து உதவுவதாக ஏற்பாடு. முதல் நாள் என் கதிரைக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் ஏத்தி ஈக்கிறீங்க சேர். இப்ப ஒண்டைத் தேடி எடுங்க பாப்பம்."

எடுக்க முடியவில்லை. நான் ஏற்றியவை எல்லாம் படங்கள். படத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று தளத்துக்குத் தெரியாது. 'இடாப்பு 14, பக்கம் 3' என்று நான் வைத்த தலைப்பை மட்டும்தான் அது தேடும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருளை நிறுவினேன். அச்சடித்த நோட்டீஸ்களை அது ஒருவாறு வாசித்தது. கையெழுத்து இடாப்புகளை வாசித்து வாயில் நுழையாத எதையெதையோ கொட்டியது. இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது என்று நான் கையை விரித்தேன். அவர் அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு தடித்த கொப்பி வாங்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதத் தொடங்கினார்.

முத்தம்மா என்பவர் வந்தது அந்த நாட்களில்தான். கலஹாவிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். அவருக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லை. இத்தனை வயதுக்குப் பிறகு பிறப்பைப் பதிவதென்றால் பள்ளிக்கூட இடாப்பில் பெயர் இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்று கந்தோரில் சொல்லிவிட்டார்களாம். கொய்யாத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் என்றார். தேடினேன், ஒன்றும் வரவில்லை. அப்படி ஒரு தோட்டமே நம்மிடம் இல்லையம்மா என்று அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை இதைக் கேள்விப்பட்ட நஸீரா மிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். தோட்டங்களுக்குத் துரைமார் வைத்த இங்கிலீஷ் பெயர் ஒன்று, நம் சனங்கள் கூப்பிடும் பெயர் வேறொன்று. இடாப்பின் அட்டையில் இருப்பது துரை வைத்த பெயர். அந்த இடாப்பை நான் என் கையாலேயே ஸ்கேன் செய்திருந்தேன்.

இதில் எனக்கு எது பொறுக்கவில்லை தெரியுமா? நான் தோட்டத்தில் பிறந்தவன். கொய்யாத் தோட்டத்துக்கு அடுத்த மலைதான் எங்களுடையது. ஐந்து வயதில் கண்டி நகரத்து மஹய்யாவைக்கு வந்து, அந்தப் பெயர்களையெல்லாம் தொலைத்துவிட்டேன். நஸீரா மிஸ் கலஹாவில் சீலைக்கடை வைத்திருந்தவரின் மகள். சிறுமியாக இருந்தபோது, தோட்டங்களுக்குப் போகும் துணிப் பார்சல்களில் லொறிக்காரருக்கு விளங்குகிற பெயரை எழுதுவது அவர் வேலையாம். எங்கள் மலைகளின் பெயர்களை எனக்கு அவர் சொல்லித்தர வேண்டியிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

முத்தம்மாவை அவரே தொலைபேசியில் திரும்ப அழைத்தார். கணினியில் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டி, தகப்பன் பெயர் இருந்த வரியின் மேல் விரலை வைத்து வாசித்தார். முத்தம்மா திரையைத் தொட்டுப் பார்த்தார். "எங்கப்பா பேர எழுதி இப்பதாங்க பாக்குறேன்" என்றார். பிறகு நஸீரா மிஸ்ஸைக் கட்டிக்கொண்டு அழுதார். என்னைப் பார்த்து, இந்தப் பக்கத்தை இரண்டு போட்டோக் கொப்பி எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

அன்றைக்குத்தான் ஒவ்வொரு ஆவணத்துக்கும் 'வேறு பெயர்கள்' என்று ஒரு பெட்டி வேண்டும் என்று நஸீரா மிஸ் கேட்டார். அரை மணி நேர வேலை. நான் மூன்று கிழமை இழுத்தடித்தேன். அவர் கோபப்படவில்லை, கொப்பியை நிரப்பிக்கொண்டே இருந்தார். வருகிறவர்களிடமெல்லாம், "நீங்க அதை என்னண்டு சொல்லுவீங்க?" என்று கேட்பார். என்னிடம் சொன்னது இது: "பேப்பர்ல என்ன ஈக்கிதெண்டு நமக்குத் தெரியும் சேர். தேடுறவங்களுக்கு அவங்கட வாயில வாறதுதான் தெரியும்." பெட்டி வந்ததும் கொப்பியில் இருந்த அத்தனையையும் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து தட்டினார். அதன் பிறகு தேடியவர்களுக்குக் கிடைத்தது. படியேறி வருகிறவர்கள் நான் தனியாக இருப்பதைப் பார்த்து, "மிஸ் இல்லையா?" என்று கேட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமை வருவதாகத் திரும்பிப் போவார்கள்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. வந்தவுடன் பிளேன்டீயை வைத்துக்கொண்டு, தளத்தில் தேடியும் கிடைக்காத சொற்களின் பட்டியலைத் திறந்து வாசிப்பார். அப்படி ஒரு பட்டியல் தானாகச் சேருவது எனக்குத் தெரியும். அதை யாராவது வாசிப்பார்கள் என்று நான் நினைத்ததில்லை. "இவ்வளவு பேர் வெறுங்கையோட போய் ஈக்கிறாங்க" என்பார், வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைப் பற்றிச் சொல்வது போல. பிறகு ஒவ்வொன்றாக வழி தேடுவார்.

ஒருமுறை, தனக்கும் ஒரு பாஸ்வேர்ட் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். அடுத்த கிழமை பார்ப்போம் என்றேன். அவர் திரும்பக் கேட்கவில்லை. கடைசிவரை என் கணக்கிலேயே வேலை செய்தார். அது எனக்கு வசதியாக இருந்தது.

நல்லடக்கத்துக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, அவருடைய நாள். கதிரை காலியாக இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நான் அந்தப் பட்டியலைத் திறந்தேன். நஸீரா மிஸ். நஸீரா தாத்தா (அவர்கள் வீடுகளில் அக்காவுக்குத் தாத்தா என்றுதான் சொல்வார்கள்). சீலைக்கடை அக்கா. கலஹா நானா மகள், கடைக்கார நானாவின் மகள் என்று. தபால் கந்தோர் மிஸ். முந்தின நாள் தேடியும் கிடைக்காதவை இவைதான். நாம் அவரைத் தேடியிருக்கிறோம். தேடினால் கிடைக்கும்படி அவர் ஆக்கிய தளத்திலேயே தேடியிருக்கிறோம். தளம் ஒவ்வொருவருக்கும், பொருத்தமான ஆவணம் எதுவும் இல்லை என்று பதில் சொல்லியிருக்கிறது. சொல்லாமல் என்ன செய்யும்? அவர் தட்டிய ஒவ்வொரு ஆவணத்தின் அடியிலும் 'சேர்த்தவர்: யோகநாதன்' என்று என் பெயர்தான் இருக்கிறது. இத்தனை வருடம் நான் ஆசைப்பட்டது அதுதானே. வாசித்துவிட்டு அழுதேன்.

அன்றே அவர் பெயரில் ஒரு கணக்குத் திறந்தேன். ஐந்து நிமிடம் பிடித்தது. அவருடைய கையெழுத்துக் கொப்பியைப் பார்த்துப் பார்த்து, சேர்த்தவர் பெயரை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரையையும் தளத்தில் ஏற்றுகிறேன். அதன் 'வேறு பெயர்கள்' பெட்டியில் மேலே சொன்ன ஐந்தையும் போட்டிருக்கிறேன். இன்னும் இடம் இருக்கிறது. நீங்கள் அவரை என்னவென்று கூப்பிட்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பட்டியலை வாசிக்கும் பழக்கம்தான். இப்போது தினமும் காலையில் வாசிக்கிறேன். என் பெயரை யாராவது தேடியிருக்கிறார்களா என்றும் பார்க்கிறேன், அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. இதுவரை ஒருவரும் தேடவில்லை. திங்கட்கிழமை ஒருவர் 'இடாப்பு வாசிக்கிற அக்கா' என்று தேடி வெறுங்கையோடு போயிருந்தார். அதையும் பெட்டியில் சேர்த்துவிட்டேன்.