கலிங்கலில் அடுக்கிய மூட்டைகள்

பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்று வந்த பொன்னுரங்கம், கள்ளக்குறிச்சிக்கு மேற்கே தன் மலையடிவாரத்து ஊரில் ஊராட்சித் தலைவரானது காலனி ஓட்டில்தான். மிலிட்டரிக்காரர் சாதி பார்க்க மாட்டார் என்று நம்பி, ஏரிக்கரைக்குக் கீழே குடியிருந்த சனங்கள் மொத்தமாகக் குத்தினார்கள். ஜெயித்த மனிதர் முதலில் குளிர்வித்ததோ கரும்புக்காரர்களை. உலக நடப்பு அப்படித்தானே?

ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிந்தோட ஓரத்தில் கலிங்கல் உண்டு. அதன்மேல் மணல் மூட்டை அடுக்கினால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தேங்கும், கோடையில் கரும்புக்கு ஆகும். வருஷா வருஷம் விவசாயிகள் ஏனோதானோவென்று போடுவார்கள். பெருமழை வந்தால் தண்ணீரே உருட்டிக்கொண்டு போய்விடும். பொன்னுரங்கத்துக்கு அந்த லட்சணம் பிடிக்கவில்லை. எல்லையில் பதுங்கு குழிக்கு அடுக்கிய கை அல்லவா? வாயைத் தைத்து, செங்கல் கட்டுவதுபோல் மாற்றி மாற்றி வைத்து, களிமண் அப்பி, தானே நின்று அடுக்கினார். ஏரிப் பாசனத்தில் கரும்பு போட்டிருந்த தாய்மாமன் ராமசாமி பூரித்துப்போனார். "மாப்ள, இது அசையாது," என்றார்.

ஐப்பசியில் கல்வராயன் மலையில் மழை பிடித்துக்கொண்டது. மூட்டைகள் அசையவில்லைதான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது. தண்ணீர் கரை விளிம்புக்கு ஏறியது. காலனிப் பக்கம் ஈரம் கசிந்து மண் சரிந்தது. பொன்னுரங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் காலனித் தூளிகளில் கிடக்கும் குழந்தைகள்தான் தெரிந்தன. போய் எச்சரித்திருக்கலாம். அடுக்கியது யார் என்று கேட்பார்களே என்ற கூச்சம் காலைக் கட்டியது.

விடிந்ததும் அரிவாளோடு போனார். கலிங்கலில் குடையோடு ராமசாமி நின்றார்.

"மூட்டையில கை வெக்காத மாப்ள. மழ இன்னிக்கோட நின்னுபூடும். தண்ணிய வுட்டுட்டு சித்திரையில இன்னா பண்றது?"

"கர கரைஞ்சிக்கினு இருக்குது மாமா."

"காலனி ஓட்ட மட்டும் வெச்சிக்கினு அடுத்த தடவ எப்பிடி ஜெயிக்கிற, பாக்கலாம்."

தோட்டா பறந்த இடத்தில் நின்றவருக்கு மாமனின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆனாலும் இறங்கினார். இழுத்தால் ஒரு மூட்டையும் வரவில்லை. தன் கைவேலையைத் தானே சபித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கிழித்தார். இடுப்பளவுத் தண்ணீர் காலை வாரியது. ஒருவழியாக மேல்வரிசை சரிய, தண்ணீர் இரைச்சலோடு ஓடையில் பாய்ந்தது. மதியத்துக்குள் ஏரி இறங்கிவிட்டது.

இனி பயமில்லை என்று சொல்லக் காலனிக்கு ஓடினார். வீடுகளில் ஆள் இல்லை, ஆடு கோழிகூட இல்லை. தேடிக்கொண்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனால், அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். காலனி வார்டு உறுப்பினர் செவ்வந்தி கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"யாரு சொல்லி வந்தீங்க?" என்றார்.

"யாரும் சொல்லல தலைவரே. நீங்க நின்னு அடுக்கினத பாத்த அன்னிக்கே துணிமணிய கட்டி வெச்சிட்டோம். மழ ஜாஸ்தியானதும் கெளம்பிட்டோம்."

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு தம்ளர் கஞ்சியை அவரிடம் நீட்டினாள்.

"குந்துங்க. எவ்ளோ நேரம் நனைஞ்சிக்கினு நிப்பீங்க?"