ஆறாம் நம்பர் மைக்கும் ஜீவமணி டீச்சரின் உபவாசமும்

ஜீவமணி டீச்சரைப் பற்றி எழுதுவதற்குத் தூத்துக்குடியில் என்னை விட்டால் ஆள் கிடையாது. அவரிடம் பாட்டுப் படித்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் முப்பத்தொரு வருஷமாக அவர் பாட்டு சர்ச் வாசலைத் தாண்டி மெயின் ரோடு வரைக்கும் கேட்டது என் மைக்செட்டால். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பக்கத்துப் புதுக்கோட்டைக் கிராமத்திலிருந்து சைக்கிள் கேரியரில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு வந்தவன். இன்று பேச்சிமுத்து சவுண்ட் சர்வீஸ் என்றால் கோயில் கொடைக்காரர்களும் தர்கா கந்தூரிக்காரர்களும் சர்ச்காரர்களும் தேதி கேட்டுக் காத்திருக்கிறார்கள். கர்வத்துக்குச் சொல்லவில்லை. உள்ளது அதுதான்.

டீச்சருக்கு இப்போது அறுபத்தாறு வயது. உடன்குடிப் பக்கத்துச் சர்ச் உபதேசியார் மகள். போர்டிங் பள்ளியில் படிக்கும்போது காலால் மிதிக்கிற பழைய ஆர்கன் ஒன்று அங்கே சும்மா கிடந்திருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே மிதித்து மிதித்துப் படித்துக்கொண்டாராம். பிறகு பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர் வேலை. ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஒரு பிள்ளையைக்கூட அடித்ததில்லை, திட்டியதில்லை. யாராவது சுருதி விலகிப் பாடினால் உடனே கண்ணை மூடி, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி ஜெபம் பண்ணுவார். "ஆண்டவரே, இந்த ஜெமியின் மத்தியமத்தை நேராக்கும்." அடியாவது ஐந்து நிமிஷத்தில் ஆறிவிடும். இந்த ஜெபம் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிற வரைக்கும் கூடவே வரும். ஜெமி இன்று சர்ச் பாடகர் குழுவில் முதல் குரல். பயத்திலேயே நன்றாகப் பாடுகிறாள்.

கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க ஒருவர் வந்தார். பாங்கில் உத்தியோகம். ஒரே ஒரு வரி பாடச் சொல்லியிருக்கிறார் டீச்சர். பாடினார். "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மில்லர்புரத்துப் பக்கத்துச் சர்ச்சில் கொயர் என்கிற பாடகர் குழு இவர் கையில்தான். ஆர்மோனியத்தைத் தொடுமுன் ஜெபம். மழைக்கு ஜெபம், மழை நிற்க ஜெபம். என் ஆம்ப்ளிஃபயருக்கும் ஜெபம். ஒரு தடவை ஆம்ப்ளிஃபயர் படுத்துவிட்டது. நான் உள்ளே கை விட்டு அறுந்த ஒயரைப் பற்றவைத்தேன். வேலை செய்தது. டீச்சர் மேலே பார்த்து ஸ்தோத்திரம் சொன்னார். பற்றவைத்தவன் கீழே குனிந்திருந்தேன். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விட முடியாத விஷயம் நேசக்குமார் சார்.

அவர் உப்பள முதலாளி, சபைச் செயலாளர். பதினெட்டு வருஷத்துக்கு முன் செயலாளர் ஆன கையோடு பாடகர் குழுவில் முன்வரிசையில் வந்து நின்று, தனக்கென்று ஒரு மைக் கேட்டார். முதல் ஒத்திகையில் வாயைத் திறந்தார். உப்பு லாரி ரிவர்ஸ் எடுத்த மாதிரி இருந்தது. தொட்டிலில் கிடந்த இரண்டு குழந்தைகள் வீறிட்டன. "இவ்வளவு உருக்கமாவா இருக்கு!" என்று அவரே சந்தோஷப்பட்டார்.

கர்த்தரைத் துதிக்கிறவனை நிறுத்த டீச்சருக்கு மனம் வராது. அபஸ்வரத்தைப் பொறுக்கவும் முடியாது. அதனால் சர்ச் கட்டிய நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முந்தின மூன்று நாளும், நேசக்குமார் சாரின் சுருதிக்காகப் பச்சைத் தண்ணீரில் உபவாசம் இருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருக்குக் கொடுத்த ஆறாம் நம்பர் மைக்கை மிக்ஸரில் அடியோடு இறக்கிவிட்டேன். மைக்கில் சிவப்பு லைட் எரியும், சத்தம் வெளியே வராது. இருபது பேர் சேர்ந்து பாடுகிற இடத்தில் பாடுகிறவனுக்குத் தன் மண்டைக்குள் கேட்பதுதான் பாட்டு. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பண்டிகை தேனாக முடிந்தது.

அடுத்த ஞாயிறு டீச்சர் எழுந்து கண்ணீரோடு சாட்சி சொன்னார்: "பிலேயாமின் கழுதையைப் பேச வைத்த தேவன், நம் செயலாளர் ஐயாவைப் பாட வைத்தார்!" நேசக்குமார் சார் தலையை ஆட்டி ஆட்டி ஆமென் சொன்னார். பதினெட்டு வருஷமும் இதே உபவாசம், இதே ஆறாம் நம்பர், இதே சாட்சி.

இந்த வருஷம் வந்தது வினை. சபைக்கு நூற்றிருபத்தைந்தாவது ஆண்டு. நான் ஒயர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே நேசக்குமார் சார் டீச்சரிடம் வந்தார்.

"டீச்சர், ஆண்டவர் எங்குரலைச் சரியாக்கிட்டாருன்னு நீங்களே வருசா வருசம் சொல்லுதீங்க. இந்தத் தடவ நா தனியாப் பாடுதேன். கொயர் வேண்டாம்."

டீச்சர் என்ன சொல்வார்? சொன்ன சாட்சி பதினெட்டு இருக்கிறதே. "பாடுங்க ஐயா" என்றார்.

"ஒருவேள சரியா வரலைன்னா ஒங்க ஜெபத்துல கொறைன்னுதான் அர்த்தம். அப்போ கொயரை வேற ஆள் கையில குடுத்திருவோம். என்ன சொல்லுதீங்க?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது.

தனிப்பாட்டில் மைக்கை மூடினால் சர்ச்சே ஊமையாக இருக்கும். திறந்தால் டீச்சருக்கு முப்பத்தொரு வருஷக் குழு போகும். வியாழக்கிழமை காலையில் டீச்சர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உபவாசத்தின் முதல் நாள். மேசையில் தண்ணீர்ச் சொம்பு மட்டும்.

டீச்சர் சொம்பைத் தள்ளி வைத்தார்.

"ஆறாம் நம்பரா, அண்ணாச்சி?"

"ஆமா டீச்சர்."

"பதினெட்டு வருசமுமா?"

"ஒரு வருசம் மட்டும் கரண்டு போயிட்டு. அன்னைக்கு நா ஒண்ணுஞ் செய்யல."

"அப்போ அந்த ஒரு வருசம் கரண்டை நிப்பாட்டினது ஆண்டவர்" என்றார். விட மாட்டார்! பிறகு முகம் வாடிவிட்டது. "பீடத்துக்கு முன்னால நின்னு பொய்ச் சாட்சி சொல்லியிருக்கேனே அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை ஆறாம் நம்பரைத் தொறந்து விடுங்க."

"சபை தாங்காது டீச்சர். ஒங்க கொயரு போயிரும்."

"போனாப் போவட்டும். மூடுத வேலை இனி வேண்டாம்."

திறக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பேச்சிமுத்து வாக்கு மாற மாட்டான். ஆனால் திறந்த மைக்கோடு இன்னொன்றும் வைக்கக் கூடாது என்று டீச்சர் சொல்லவில்லையே. பாடுகிறவன் தன் குரலைத் தானே கேட்பதற்காகக் காலடியில் முகத்தைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கர் ஒன்று என்னிடம் உண்டு. பெரிய கச்சேரிக்காரர்களுக்கு மட்டும்தான் கொடுப்பேன். ஞாயிறு காலையில் அதைக் கொண்டுபோய் நேசக்குமார் சார் காலடியில் வைத்தேன்.

"இது என்னது வே?"

"ஸ்பெசல் சார். ஒங்களுக்கு மட்டுந்தான்."

பூரித்துப்போனார். சர்ச் நிறைந்து வழிந்தது. வெளியே அசனத்துக்கு ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. டீச்சர் ஆர்மோனியத்தில் குழுவின் வழக்கமான சுருதியைப் பிடித்தார். பெண்கள் குரலுக்கான ஐந்து கட்டை, உயர்ந்த சுருதி. நேசக்குமார் சார் முதல் வரியை எடுத்தார். ஆறாம் நம்பர் முழுசாகத் திறந்திருந்தது.

ஒரு வரிதான். டக்கென்று நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். பிறகு மைக்கிலேயே, "ஏ பேச்சிமுத்து, இதுல வேற எவனோ கூடப் பாடுதான் வே! அவன நிப்பாட்டு!" என்றார். மெயின் ரோடு வரைக்கும் கேட்டது.

டீச்சர்தான் மெதுவாகச் சொன்னார்: "வேற ஆள் யாருமில்ல ஐயா. அது ஒங்க சத்தந்தான்."

அவர் முகத்தை நான் பார்த்தேன். உப்பளத்தில் திடீர் மழை பெய்தால் முதலாளிகள் முகம் அப்படித்தான் இருக்கும். டீச்சரும் பார்த்தார். வழக்கம்போலக் கண்ணை மூடினார். ஜெபம்தான் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்து, ஆர்மோனியத்தில் கையை இடது பக்கமாக, கீழே கீழே நகர்த்தி, ஒரு கட்டைக்குக் கொண்டுவந்தார்.

"இங்கன பிடிங்க ஐயா. மெள்ள."

பிடித்தார். குரல் சுருதியில் நின்றது! லாரி லாரிதான். ஆனால் நேராகப் போனது. மூன்று சரணமும் பாடி முடித்தார். ஒரு குழந்தையும் அழவில்லை. சரிகமபதநி தெரியாத எனக்கே அப்போது விளங்கிவிட்டது. பதினெட்டு வருஷம் பட்டினி கிடந்து ஜெபித்த டீச்சர், ஒரு தடவைகூட சுருதியை இறக்கிப் பார்க்கவில்லை. அவர் ஜெபம் பண்ணினார், நான் மைக்கை மூடினேன். அந்த மனுஷனுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அசனப் பந்தியில் நேசக்குமார் சார் டீச்சருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"வியாழக்கிழம தோறும் வீட்டுக்கு வாரேன் டீச்சர். அந்தக் கீழ் கட்டையில சொல்லித் தாங்க."

"கொயரு யார் கையில ஐயா?"

"அந்தக் கட்டை வேற யாருக்குத் தெரியும்? ஒங்க கையிலதான் இருக்கும்."

பொய்ச் சாட்சியை டீச்சர் அப்படியே விட்டுவிடவில்லை. அடுத்த ஞாயிறு எழுந்து நின்று, ஆறாம் நம்பர் கதை முழுவதையும் சபைக்கு முன் சொன்னார். நேசக்குமார் சார் என் பக்கம் திரும்பி, "அப்போ பதினெட்டு வருசமா நா பாடவே இல்லையா வே?" என்று கேட்டார். சர்ச்சே சிரித்தது, கடைசியில் அவரும் சிரித்தார்.

நான் சட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் கழித்து என் பெயர் பீடத்துக்கு முன்னால் வரப்போகிறதே. வந்தது. டீச்சர் கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, மைக்கை மூடி வைத்த உம்முடைய அடியான் பேச்சிமுத்துவை மன்னியும்."

ஜெமியின் மத்தியமத்துக்கு ஆன கதிதான் எனக்கும். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பெயர் ஒரு எழுத்துப் பிசகாமல், கடைசிப் பெஞ்சைத் தாண்டி, மெயின் ரோடு டீக்கடை வரைக்கும் கணீரென்று கேட்டது. என் ஸ்பீக்கர் ஆயிற்றே.