கானின் வாயில் அள்ளிய சேறு

போர் முடிந்து சில வருடங்களில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. புத்தளம் நகரத்து மழைநீர் வடியும் கான்கள் கடலோரக் களப்பில் விழும் இடங்களில் சேறு அள்ளி, அதில் என்ன நஞ்சு கலந்திருக்கிறது என்று பார்க்கப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். என்னோடு வேலை செய்தவரை அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவேன். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் விரட்டியபோது எங்களோடு ஒரே வள்ளத்தில் வந்த குடும்பம் அவருடையது. கூடப்பிறந்தவர் இருந்திருந்தாலும் அவ்வளவு நம்பியிருப்பேனா தெரியாது.

கானின் வாயில் ஐந்தாறு இடங்களில் அள்ளிய சேற்றை ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலந்து, ஒரு பங்கைப் போத்தலில் அடைத்து முத்திரை வைப்போம். அதுவரை பாத்திரத்தை விட்டு நகரக் கூடாது.

வாகனம் கழுவும் கடைகளைத் தாண்டி வரும் கான் அது. அன்று நான் கலக்கிய சேறு மை போலக் கறுப்பு. எண்ணெய் வாடை வேறு. கையுறைக்குள்ளும் வழவழத்தது, ஒரு மணல்கூட நெருடவில்லை. அப்போது நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது.

"நீங்க முதல்ல தொழுதிட்டு வாங்க தங்கச்சி. நான் பாத்துக்கொள்றன்," என்றார் நானா.

என்ன நல்ல மனுசன் என்று நினைத்துக்கொண்டே போனேன். திரும்பி வந்தபோது போத்தலுக்கு முத்திரை வைத்தாயிற்று. கையெழுத்தை மட்டும் போட்டேன்.

தில்லையடியில் என் பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கானின் வாயில்தான் இறாலுக்கு வலை வீசுவார். அவர் மனைவி பிள்ளைகளுக்கு இறால் கொடுக்காமல் என் பதிலுக்காகக் காத்திருந்தாள். பரிசோதனை அறிக்கை வந்தது. அதன் முதல் பக்கம், பயப்பட ஒன்றுமில்லை என்றது. ஓடிப்போய், "பயமில்ல, ஆக்குங்க," என்றேன்.

இரண்டாம் பக்கத்தை இரண்டு நாள் கழித்துத்தான் படித்தேன். போத்தலில் இருந்ததில் பெரும்பங்கு மணலாம். நஞ்சு ஒட்டுவது நுண்ணிய சேற்றில்தான், மணலில் அவ்வளவாக நிற்காது. இது நானாவுக்கும் தெரியும்.

"மணல ஆரு கொட்டின?" என்று கத்தினேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மச்சான்ட கடையும் அங்கதான் தங்கச்சி. மூடச் சொன்னா அவன் திரும்பவும் மூட்டையத் தூக்குறதா?"

அதே மூட்டையை நானும் தூக்கியவள்தான். என்னைத் தொழ அனுப்பிவிட்டுச் செய்தாரே, அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுக்காரி மூடிய கோப்பையோடு வாசலில் நின்றாள். உள்ளே இறால் குழம்பு, எங்கள் பேச்சில் ஆணம்.

"நீங்க சொன்ன பொறகுதான் புள்ளைகளுக்குக் குடுத்தன். ரெண்டு நாளா அதுதான் கேக்குதுகள்," என்று சிரித்துக்கொண்டே என் கையில் தந்தாள்.

நடந்ததை எல்லாம் சொன்னேன். நானாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் கடைசிவரை கேட்டாள்.

"அப்ப போத்தல்ல அடைக்கக்குள்ள நீங்க பாக்கல்லையா?"

"இல்ல."

கோப்பையை என் கையிலிருந்து திருப்பி வாங்கிக்கொண்டு போனாள்.