அவள் ஏன் திரும்பி வரவில்லை

கல்யாணத்துக்கு முன்பே இரண்டு முறை படித்த சரித்திர நாவல் அது. வாரப் பத்திரிகையில் தொடராக வந்ததைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தடிப் புத்தகம். இந்தக் காலத்துப் பெண் ஒருத்தி, கல்யாணமானவள், கோயில் குளத்தில் கால் வழுக்கி விழுந்து பல்லவர் காலத்தில் எழுந்திருக்கிறாள். பஞ்சம், சிறை, போர் எல்லாவற்றையும் தாங்கிப் பிழைக்கிறாள். அங்கே ஒரு படைவீரன் அவள்மேல் உயிரையே வைக்கிறான். வீடு திரும்ப வழியில்லாமல் தவிக்கிறாளே என்று அவளுக்காக அழுதிருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில், ஆவடி குவார்ட்டர்ஸில், பையன் பள்ளிக்கூடம் போன பிறகு அதை மறுபடி எடுத்தேன். கணவர் தொழிற்சாலையில் ஃபிட்டர். பிறந்து வளர்ந்தது அம்பத்தூரில். புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படிச்ச கதைதானே. திரும்பத் திரும்ப அப்படி இன்னா கீது அதுல?"

"சும்மாதாங்க."

அவர் நம்பவில்லை. சில நாளில், அடையாளத்துக்கு நான் வைத்திருந்த பஸ் டிக்கெட் வேறு பக்கத்தில் இருந்தது. எனக்குத் தெரியாமல் படிக்கிறார். எதைத் தேடுகிறார் என்று நானும் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார். "குளம் வத்துன வருசம் அவ வந்துருக்கலாமே. ஏன் வரல?"

"வழி தெரியாதே அவளுக்கு."

"தெரியும். அதுக்கு முன்னாடியே எழுதிகீது. போய்ப் பாரு."

பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். வற்றிய குளத்தில் இறங்கினால் வீடு என்று தெரிந்தே கடைசிப் படியில் நிற்கிறாள். கணவன் கூப்பிடும் குரல்கூடக் கேட்கிறது. சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு மேலே ஏறிவிடுகிறாள். அந்த வரியை எப்படித் தாண்டிப் போனேன்?

"நீயா இருந்தா இன்னா பண்ணிருப்ப?"

"உடனே வந்திருப்பேன்."

கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேனோ என்று எனக்கே தோன்றியது. அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். ரசம் ஊற்றிய பிறகும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரைப் பரீட்சை லீவுக்குப் பையனோடு வேப்பம்பட்டில் அம்மா வீட்டுக்குப் போனேன். மறுநாள் சாயந்திரமே வாசலில் வந்து நின்றார். ஷிப்ட் மாத்திட்டாங்க என்றார். நான் நம்பவில்லை. புத்தகத்தைக் கேட்டு வாங்கி, கொல்லைப்புறம் உட்கார்ந்து, வெளிச்சம் போவதற்குள் படித்து முடித்தார்.

"அவ வரவே இல்ல," என்றார். பிறகு, "நீ எப்ப வர்ற?"

"லீவு முடிஞ்சதும்."

"நாளைக்கே வந்துரேன்."

மறுநாள் மூவரும் ரயிலேறினோம். அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையைப் பற்றிப் பேசவில்லை. எனக்குத்தான் விடவில்லை. இப்போதும் அவள் வீட்டை நினைத்து அழும் பக்கங்கள் வந்தால், இவள் நிஜமாகத்தான் அழுகிறாளா என்று அந்த வரிகளை இன்னொரு முறை படிக்கிறேன்.