நோர்வேயின் சார்பில் நன்றியுரை

என் மனைவி தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நகை கேட்கவில்லை. மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் மைக்கைப் பிடித்து இரண்டு வசனம் கதைக்கச் சொல்லிக் கேட்டாள். நகை வாங்கிக் கொடுப்பது எவ்வளவோ சுகம்.

எங்கள் ஆட்களின் விழா எதுவானாலும் முடிவில் ஒரு நன்றியுரை இருக்கும். இருபத்தைந்து வருடமாக அந்த நேரம் பார்த்து நான் சமையலறைத் தொட்டியடியில் சட்டி கழுவிக்கொண்டு நிற்பேன். ஒஸ்லோவில் என்னைப் பொறுப்பான மனிதன் என்று பலர் நினைப்பது இதனால்தான்.

பிறந்தநாளன்று ஹவுகன்ஸ்டுவா மண்டபத்துக்குக் கனடாவிலிருந்து என் அக்காவின் கணவரும் வந்திருந்தார். வேலையிலிருந்து இளைப்பாறிய பிறகு அத்தான் அங்கே காட்சிக்கு நிற்கும் பழைய போர்க்கப்பல் ஒன்றைச் சனிக்கிழமைகளில் ஆட்களுக்குச் சுற்றிக் காட்டுகிறார். இரண்டாம் உலகப் போரில் ஓடிய நாசகாரிக் கப்பல். அவருக்கு அது "எங்கடை கப்பல்". அது போருக்குப் போன காலத்தில் அவர் பிறக்கவேயில்லை, பிறந்ததும் சாவகச்சேரியில்.

வாழ்த்துச் சொல்ல மேடையேறியவர் பையிலிருந்து மாலுமித் தொப்பி ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். ரஷ்யாவுக்குச் சாமான் ஏற்றிப்போன கப்பல்களுக்குக் காவலாகத் தன் கப்பல் நோர்வேக்கு வடக்கே போனதைச் சொன்னார். தளத்தில் உறைகிற ஐஸைக் கொத்தி எறியாவிட்டால் பாரத்தில் கப்பலே கவிழ்ந்துவிடுமாம். மாலுமிகள் முறை வைத்துத் தங்கள் சட்டி கோப்பைகளைத் தாங்களே கழுவினார்களாம். கொத்துரொட்டி ஆறிக்கொண்டிருந்தது.

நான் மெல்லச் சமையலறைப் பக்கம் நகர்ந்தேன்.

"மச்சான், எங்கை ஓடுறாய்?" என்று மைக்கிலேயே கேட்டார். "இவ்வளவு செய்த எங்கடை கப்பலுக்கு ஒரு நன்றியுரை வேண்டாமோ? நோர்வே பாஸ்போட் வைச்சிருக்கிறாய்தானே. நோர்வேயின்ரை சார்பிலை வந்து சொல்லு!"

மண்டபமே கைதட்டியது. மனைவி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

அவளுக்காக எழுதி வைத்திருந்த துண்டுத்தாளை மேடையில் எடுத்தேன். அதில் கப்பலும் இல்லை, நோர்வேயும் இல்லை. நோர்வேயின் வடகோடியில் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் என் முதல் குளிர்காலம்தான் நினைவுக்கு வந்தது. காலையில் வாசல் ஐஸைக் கொத்துவது என் வேலை. அதற்கு அப்பாலுள்ள கடலில்தான் அந்த மாலுமிப் பெடியன்கள் ஆடுகிற தளத்தில் நின்று கொத்தியிருக்கிறார்கள்.

"அந்தக் குளிரிலை ஐஸ் கொத்தின பெடியளுக்கும், இந்தக் குளிரிலை என்னோடை இருபத்தஞ்சு வருசம் இருக்கிற இவவுக்கும் நன்றி."

ஒரு வசனம் முடிந்தது. இன்னொன்று வேண்டும். பக்கத்தில் தொப்பியோடு அத்தான் சிரித்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் கப்பல் வழக்கப்படி, இண்டைக்குச் சட்டி கழுவுற முறை கனடாவுக்கு."

சிரிப்பில் கூரை பறந்துவிடும் போலிருந்தது. சாப்பாடு முடிந்ததும் நாலு பேர் அவரைத் தொப்பியோடு தொட்டியடிக்குக் கூட்டிப்போனார்கள். "நீ வாயே திறக்கமாட்டாய் எண்டுதானடா கூப்பிட்டனான்," என்று அத்தான் போகிற போக்கில் முறைத்தார்.

"சரியா ரெண்டே ரெண்டு," என்றாள் மனைவி. "எண்ணிக்கொண்டுதான் இருந்தனான்."

அதற்குள் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, பேத்தி பெரியபிள்ளையாகிட்டாள், வாற மாசம் சாமத்தியவீடு. நன்றியுரை நீங்கள்தான்."

நேரே சமையலறைக்கு ஓடினேன். அத்தான் முழங்கை வரை நுரையோடு நின்றார்.

"விடுங்கோ அத்தான், நான் கழுவுறன்," என்றேன்.

"முறை எண்டால் முறை," என்றார். "நீ போய்க் கதை."