தாகமெடுத்த சங்கிலி

போன செவ்வாய்க்கிழமை மலாக்கா தெங்கேராவில் ஒரு இரும்புக் கடையில் சண்டை போட்டுவிட்டு வந்தேன். சின்னச் சண்டைதான். ஆனால் ஜெயித்தது நான்!

என் மகன் ரிட்டையர் ஆனபிறகு பத்து பெரெண்டாமில் கொஞ்சம் நிலம் வாங்கி வாழையும் மாடும் வைத்திருக்கிறான். டிராக்டரில் கட்டி மரம் இழுக்கிற கனமான சங்கிலி ஒன்று அவனிடம் உண்டு. அது இன்னும் தாங்குமா, மாற்ற வேண்டுமா என்று சந்தேகம் வந்ததும் அவன் யாரைக் கேட்டான் தெரியுமா? மெக்கானிக்கை இல்லை. எழுபத்தெட்டு வயசு அம்மாவை! நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கடைக்காரர் நல்ல மனிதர்தான். சங்கிலியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இதுக்கு ஒண்ணுமில்ல லா. நல்லா எண்ணெய் போடுங்க, இன்னும் பத்து வருசம் ஓடும்" என்றார்.

"தம்பி, இதுக்குத் தாகமா, தேய்மானமா?" என்று கேட்டேன்.

அவர் திருதிருவென்று விழித்தார். மகன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவனுக்குக் கதை தெரியும். உங்களுக்குத் தெரியாதே... சொல்கிறேன்.

அது ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலம். காஜா பெராங்கில் ஓலை வேய்ந்த ஓர் அத்தாப்புக் கூரை வீட்டில் குடியிருந்தோம். நான், என் வீட்டுக்காரர், இப்போது வாழை போடுகிறானே, அப்போது தவழ்ந்துகொண்டிருந்த இதே பிள்ளை. வீட்டுக்காரர் அதற்கு முன் ஒரு முதலாளியிடம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஜப்பான்காரன் வந்த வேகத்தில் லாரியை மிலிட்டரி எடுத்துக்கொண்டது. சுத்தம் செய்வதற்காக அவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த இழுவைச் சங்கிலி மட்டும் எங்களிடமே தங்கிவிட்டது.

அதன்மேல் அவருக்கு இருந்த பாசம் இருக்கிறதே... என்மேல் அதில் பாதி இருந்திருந்தால் போதும்!

சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சங்கிலிதான் எங்களுக்குச் சோறு போட்டது. சோறு என்றால் மரவள்ளிக்கிழங்கு. ரேஷன் அரிசி பெயருக்குத்தான் வரும். வீட்டுக்குப் பின்னால் பழைய ரப்பர் மரங்களின் அடிக்கட்டைகள் நின்ற நிலத்தைத் திருத்திக் கிழங்கு போட்டால்தான் வயிறு நிறையும். நாங்கள் கட்டைகளைச் சுற்றித் தோண்டுவோம். பக்கத்து வீட்டு நடேசன் செட்டி தன் வண்டிமாடு இரண்டையும் ஓட்டி வருவார். சங்கிலியை மாட்டி இழுத்தால் கட்டை வெளியே வந்துவிடும். எங்கள் நிலம் மட்டுமா? அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் நிலத்துக் கட்டைகளை அந்தச் சங்கிலிதான் பிடுங்கியது. மணலிலும் செம்மண் சேற்றிலும் அது புரண்டபடியே இருந்தது.

நடேசன் செட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மலாக்கா செட்டிகளைத் தெரியாதவர்கள் முதலில் பார்த்தால் குழம்பிப் போவார்கள். பெயர் நம் பெயர். நெற்றியில் பட்டையாகத் திருநீறு. மாரியம்மன் கோயிலில் நம்மைவிடப் பக்தியாக நிற்பார். ஆனால் வாயைத் திறந்தால் மலாய்!

ஒருநாள் அவர் எங்கள் சங்கிலியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினார். "இனி ராந்தே சுடா அவுஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மலாயில் இனி என்றால் இந்த, ராந்தே என்றால் சங்கிலி, சுடா என்றால் ஆகிவிட்டது. அது எங்கள் இருவருக்கும் தெரியும். அவுஸ்? என் வீட்டுக்காரர் தமிழ் மட்டுமே பேசுகிற உள்தோட்டத்தில் வளர்ந்தவர். லாரி ஓட்ட வந்த இடத்தில், வழியில் தண்ணீர் கேட்டுக் குடிக்கக் கற்றுக்கொண்ட மலாய்தான் அவருடைய மலாய். அவுஸ் என்றால் தாகம். அவ்வளவுதான்.

"சங்கிலிக்குத் தாகமா இருக்காம் பாக்கியம்" என்றார் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. "எண்ணெய் கேக்குது. அதத்தான் சொல்றாரு."

சொல்லிவிட்டு என்ன செய்தார் என்கிறீர்கள்? நான் தேங்காய் துருவி, பால் பிழிந்து, கை வலிக்கக் கிண்டிக் காய்ச்சி வைத்திருந்த அரைப் போத்தல் எண்ணெயை எடுத்துச் சங்கிலிக்கு ஊற்றிவிட்டார். மண்ணெண்ணெய் கண்ணில் படாத காலம் அது. விளக்குக்கும் அந்த எண்ணெய்தான், தாளிக்கவும் அதுதான், பிள்ளை தலைக்கும் அதுதான். நான் ஆடிய ஆட்டத்தில் நாலு வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

நாலாவது நாள் அவரே ஓடிவந்தார்.

"பாத்தியா பாக்கியம்? எண்ணெய் குடிச்சிட்டு சங்கிலி வளந்திருச்சி!"

அவர் சொன்னது உண்மை. வேலை முடிந்ததும் சங்கிலியைக் கூரைக்குக் கீழே இரண்டு தூணிலும் அடித்த ஆணிகளில் நீட்டி மாட்டுவார். வந்த புதிதில் அது ஆணிக்கு ஆணி கச்சிதமாக இருந்தது. இப்போது ஒரு முனை ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கியது.

நான் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்தேன். ஏன் தெரியுமா? அந்த மாதிரி வளர்ச்சியை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

என் கழுத்தில் பொன் சங்கிலி ஒன்று இருந்தது, அம்மா போட்டது. பத்து வருஷம் போட்டபின் அது கொஞ்சம் கீழே இறங்கின மாதிரி தெரிந்தது. தெங்கேராவில் ஒரு பத்தரிடம் காட்டினேன். அவர் கண்ணியை நகத்தால் தடவிக் காட்டினார். "கண்ணியும் கண்ணியும் உரசுற இடம் தேஞ்சிருக்கும்மா. ஒவ்வொண்ணும் நூலளவு விட்டுக் கொடுத்தா மொத்தத்துல நீளமாத்தான் தெரியும். பொன்னு வளரல, குறைஞ்சிருக்கு" என்றார். நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு கண்ணி அவர் கையில் பிரிந்தது.

ஜப்பான்காரன் காலத்தில் அந்தச் சங்கிலி அரிசியாக மாறிவிட்டது. ஆனால் பத்தர் சொன்னது எங்கே போகும்? லாரிச் சங்கிலியைக் கீழே இறக்கி, இரண்டு கண்ணிகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் நகத்தை வைத்தேன். நகம் உள்ளே போய் உட்கார்ந்தது. நடுவில் சில கண்ணிகள் அந்த இடத்தில் பாதிக் கனம்கூட இல்லை.

சொன்னேன். கேட்டாரா?

"உன் கழுத்துச் சங்கிலியும் லாரிச் சங்கிலியும் ஒண்ணா? போ புள்ள" என்று சிரித்தார்.

மறுநாள்தான் பெரிய கட்டையை எடுப்பதாக ஏற்பாடு. நிலத்துக்கு நடுவே நின்ற அந்தக் கட்டை மட்டும்தான் பாக்கி. அதைத் தொட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அதை எடுத்துவிட்டால் மழைக்கு முன்னால் நிலம் முழுக்கக் கிழங்குக் குச்சி ஊன்றிவிடலாம். நடேசன் செட்டியின் மாடுகள் விறகு ஏற்றவும் போகவேண்டும் என்பதால் எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான்.

காலையில் மாட்டோடு வந்த நடேசன் செட்டி சங்கிலியைத் தூக்கினார். முகர்ந்து பார்த்தார். "மின்யாக் கெலாப்பா?" என்றார் ஆச்சரியமாக. தேங்காய் எண்ணெயா?

என் வீட்டுக்காரர் பெருமையாகத் தலையாட்டினார். "அவுஸ்... கசி மினும்!" தாகம் என்றீர்களே, குடிக்கக் கொடுத்தேன் என்கிறார்!

நடேசன் செட்டி என் வீட்டுக்காரரைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள்... மாடுகளே மிரண்டன. சிரித்து முடித்துத் தன் மரச்செருப்பைக் கழற்றி அடியைக் காட்டினார். குதிகால் பக்கம் தேய்ந்து கட்டை இல்லாமலே போயிருந்தது. "இனி புன் அவுஸ்" என்றார். இதுவும் அவுஸ்.

தாகத்துக்கும் தேய்மானத்துக்கும் மலாயில் ஒரே சொல்!

என் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே! "ஒரே ஒரு இழுப்புத்தான். தாங்கும்" என்று சங்கிலியைக் கட்டையில் சுற்ற ஆரம்பித்தார். வழக்கமாகச் சங்கிலி ஓரமாகவே கடப்பாரையோடு நின்று வேரை நெம்புவார். அன்றும் அங்கேதான் நிற்கப் போகிறார். எனக்கு இருபத்துநாலு வயசு. இடுப்பில் குழந்தை. இவருக்கு ஒன்று ஆனால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

பிள்ளையை நடேசன் செட்டியின் மனைவியிடம் கொடுத்துவிட்டு நேராகப் போய் அந்தக் கட்டையின்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"எழுந்திரி பாக்கியம்."

"மாட்டேன்."

"மாடு காத்துக்கிட்டு நிக்குது."

"நிக்கட்டும். லாரி கட்டி இழுக்குறப்ப என்ன செய்வோம்னு எங்கிட்ட அளந்தீங்களே, அதச் செஞ்சா எழுந்திரிக்கிறேன்."

கல்யாணமான புதிதில் அவர் அடித்த லாரிப் பெருமைகளில் ஒன்று அது. இழுவைச் சங்கிலிமேல் நனைத்த சாக்கைப் போடுவார்களாம். அறுந்தால் சாக்கின் கனம் அதைத் துள்ள விடாமல் கீழே அமுக்கிவிடுமாம். ஆள்கள் எட்டி நிற்பார்களாம். அவர் வாயால் சொன்னதை அவருக்கே திருப்பிக் கொடுத்தால் மறுக்க முடியுமா?

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கோணிச்சாக்கு. அவருக்கே கால்சட்டை தைக்க எடுத்து வைத்திருந்தேன். துணி இல்லாமல் ஊரே சாக்கு உடுத்திய காலம். அதைக் கிணற்றடியில் நன்றாக நனைத்துக்கொண்டு வந்து சங்கிலியின் நடுவில் போட்டேன். "இப்பக் குடிக்கட்டும் தண்ணி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் வந்து என் பக்கத்தில், நிலத்தோரப் பலாமரத்துக்குப் பின்னால் நின்றார்.

மாடுகள் முன்னால் சாய்ந்தன. சங்கிலி விறைத்தது. கட்டை லேசாக முனகியது. அப்புறம் 'டங்' என்று ஒரு சத்தம்.

மாடுகள் இரண்டும் முழங்கால் போட்டு விழுந்தன. சாக்கு கிழிந்து மண்ணில் கிடந்தது. அதற்கு அடியில் அறுந்த முனை சேற்றில் புதைந்து நின்றது. சரியாக அவர் எப்போதும் நிற்கும் இடம். சாக்கு இல்லாவிட்டால் அது முழங்கால் உயரத்திலா வந்திருக்கும், நெஞ்சு உயரத்திலா? இன்றுவரை நான் யோசிக்க விரும்பாத கேள்வி அது.

அவர் அந்த முனையைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் கையைப் பிடித்தார்.

கட்டை என்ன ஆயிற்று? விட்டுவிடுவோமா என்ன! தேய்ந்த கண்ணிகளை வெட்டி ஒதுக்கினோம். மிச்சத்தில் நல்ல பகுதியை இரட்டையாக மடித்தோம். மத்தியானம் வரைக்கும் நானும் கோடாரி பிடித்துப் பக்கவேர்களை வெட்டினேன். மாடுகளைக் கிட்டத்தில் கட்டி, கிழிந்த சாக்கையே மறுபடி நனைத்துப் போட்டு இழுத்தோம். கடைவாய்ப் பல் மாதிரி வெளியே வந்து விழுந்தது கட்டை! என் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்த கர்வம் மகாராணிக்குக்கூட இருந்திருக்காது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் யாரும் வெறும் வயிற்றோடு படுக்கவில்லை. அதை இப்போது சொல்லும்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

ஒட்டுப் போட்ட கோணிக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் கதை சொன்னார். கதையில் நனைத்த சாக்கு அவருடைய யோசனை! போகட்டும், அதுவும் ஒரு வகையில் உண்மைதானே.

அதன்பிறகு அந்தச் சங்கிலியை நாங்கள் இழுவைக்குத் தொடவே இல்லை. ஒரு துண்டு மாட்டைக் கட்டியது. ஒன்று வாளியைக் கிணற்றில் முழுக வைக்கும் கனமாயிற்று. ஒன்று படலைப் பூட்டியது. இழுக்க லாயக்கில்லாதது தொங்கவிட லாயக்குத்தான்.

தெங்கேராக் கடைக்காரரிடமும் அந்த நீளத்தைத்தான் காட்டினேன். பெஞ்சில் அதே ரகத்துப் புதுச் சங்கிலியை விரித்து, பத்துக் கண்ணியை எண்ணி, பக்கத்தில் பழையதில் பத்துக் கண்ணியை எண்ணி வைத்தேன். பழையது ஒரு விரல்கடை நீண்டது. "இந்தச் சங்கிலி வளந்திருக்கா தம்பி?" என்றேன். அவர் புதியதை நிறுத்துப் போட்டார். பழையதை மகன் வெட்டி, தோட்டத்துக் கேட்டில் மாட்டியிருக்கிறான்.

அந்த நாள் சங்கிலியில் அறுந்துபோன அதே கண்ணிக்குப் பக்கத்துக் கண்ணிகள் ஏழு இன்னும் என்னிடம் இருக்கின்றன. அவற்றில்தான் என் பூஜையறைத் தூக்குவிளக்கு தொங்குகிறது. இத்தனூண்டு விளக்குக்கு எதற்கு இவ்வளவு தடிச் சங்கிலி என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அவர் போய் எட்டு வருஷமாகிறது. தினமும் சாயங்காலம் விளக்கேற்றும்போது நானும் ஒன்று கேட்பேன், அவரிடம்: தாகமா, தேய்மானமா?

என்ன கேட்டு என்ன... கடைசியில் ஜெயித்தது அவர்தான் — இன்றைக்கும் என் வீட்டு எண்ணெய் அந்தச் சங்கிலிக்குத்தான் போகிறது!